சால்வை போதும், கோப்பைத் திறவுங்கள்!

2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி காலையில் தாராவியில் ஒரு மூதாட்டிக்குச் சால்வை போர்த்தினார்கள். கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, “வீர ஜவானின் துணைவியார் மேடைக்கு வரவும்” என்று ஒலிபெருக்கியில் மூன்று தடவை அழைத்து, கையில் ஒரு எவர்சில்வர் குடத்தையும் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டார்கள். எல்லையில் நின்ற வீரனைப் பற்றி மேடையில் பேசிய பேச்சில் கேட்டவர்களுக்குப் புல்லரித்தது. நாமும் கைதட்டினோம், அதை மறைப்பானேன்?

அடுத்த வாரம் அதே மூதாட்டி பென்ஷன் விஷயமாக ஒரு வங்கிக் கிளைக்குப் போனார். இரண்டரை மணி நேரம் நின்றார். “உட்காருங்கள் அம்மா” என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் கண்ணாடிக்கு அப்பால் இருந்த குமாஸ்தா சொன்ன பதில் ஒன்றுதான்: “உங்கள் பெயர் இதில் இல்லை.” பத்து வருஷமாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன பதில் அது.

மேடையில் மூன்று தடவை கூப்பிட்ட பெயர், கோப்பில் மட்டும் எப்படி இல்லாமற் போனது? தோழர்களே, அதைத்தான் இங்கே கேட்கப் போகிறோம்.

அந்தத் தாயின் பெயரை நாம் அச்சிடவில்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை. முடியும் முன்னே அவரைச் சந்தியில் நிறுத்த நமக்கு விருப்பமில்லை. நம் வட்டாரத்துக்கு அவர் இட்லிக்கார ஆச்சி; அது போதும். அவர் கணவர் திருநெல்வேலிச் சீமையில் வானம் பார்த்த பூமியில் பிறந்தவர். 1962 சீனப் போருக்குப் பிறகு சர்க்கார் படையைப் பெருக்க ஆள் எடுத்த நாளில், 1963இல், பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். 1965 யுத்தத்தையும் 1971 யுத்தத்தையும் நேரில் பார்த்தவர். நடுவில் 1970இல் லீவில் வந்து கல்யாணம் செய்துகொண்டார். புரோகிதர் இல்லை, ஹோமம் இல்லை; ஊர்ப் பெரியவர் ஒருவர் தலைமையில் மாலை மாற்றிக்கொண்ட சுயமரியாதைத் திருமணம். 1980இல் நாயக் பதவியோடு, பதினேழு வருஷ சர்வீஸ் முடித்து வெளியே வந்தார். ஊரில் மழையில்லை, பிழைப்பில்லை. மனைவி மக்களோடு பம்பாய்க்கு ரயிலேறினார். ஒரு மில் வாசலில் காவல்காரராக நின்றார். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அந்த வாசலும் மூடிற்று. பிறகு அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் வாசல்.

இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். 1966இல் இந்த நகரத்தில் சிவசேனை பிறந்து, “மதராசி”களை விரட்டு என்று முழங்கியபோது, அந்த “மதராசி” வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் பனியிலும் மணலிலும் துப்பாக்கி பிடித்து நின்றுகொண்டிருந்தார்கள் என்று எவரும் கணக்கெடுத்ததில்லை. எல்லையில் இந்தியன், ஊருக்குள் மதராசி. இந்த அநியாயத்தை நம் பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சகித்தார்கள். அதன் வால்தான் இன்று பென்ஷன் கோப்பில் ஆடுகிறது.

2009 ஆகஸ்டில் நாயக் கண்ணை மூடினார். மாதாமாதம் வந்துகொண்டிருந்த பென்ஷன் நின்றது. ஓய்வுபெற்ற சிப்பாய் இறந்தால் மனைவிக்குக் குடும்பப் பென்ஷன் உண்டு என்பது 1964 முதல் உள்ள ஏற்பாடு. இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஆச்சி வங்கிக்குப் போனார். பென்ஷன் வழங்கும் உத்தரவில், அதாவது பி.பி.ஓ. என்று நம் முன்னாள் படைவீரர்கள் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் அந்தத் தாளில், மனைவியின் பெயர் இல்லை. பழைய பி.பி.ஓ.க்கள் பலவற்றின் கதை இதுதான். கணவருக்கு மட்டும் எழுதியிருப்பார்கள். மனைவி பெயரைச் சேர்க்க வேண்டுமென்று ஜவானுக்கு எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். “படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள்” என்றது வங்கி. 2009 அக்டோபரில் பதிவுத் தபாலில் முதல் மனு போயிற்று. அந்த ஒப்புகை அட்டை இன்றும் ஆச்சியின் தகரப் பெட்டியில் இருக்கிறது. அதை மறவாமல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது வேண்டும்.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. இந்தியில் வந்தது. மாதுங்காவில் ஒரு பள்ளி ஆசிரியரிடம் கொடுத்துப் படித்துத் தெரிந்துகொண்டார்கள். திருமணச் சான்றிதழ் வேண்டும். கோயிலில் நடந்திருந்தால் கோயில் ரசீதும் புரோகிதரின் உறுதிமொழியும் வேண்டும். வட்டாட்சியர் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். கணவன் மனைவி சேர்ந்திருக்கும் புகைப்படம் வேண்டும்.

இதை எழுதிய கைக்குத் தமிழ்நாட்டைப் பற்றி என்ன தெரியும்? தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் கட்டாயம் பதிய வேண்டும் என்ற சட்டமே 2009இல்தான் வந்தது. 1970இல் கரிசல் காட்டுக் கிராமத்தில் கல்யாணம் செய்தவர் சான்றிதழுக்கு எங்கே போவார்? புரோகிதரையல்லவா கேட்கிறார்கள்! புரோகிதர் இல்லாமல், தாலிகூட இல்லாமல், மாலை மாற்றியோ மோதிரம் மாற்றியோ செய்துகொள்ளும் திருமணம் செல்லும் என்று 1967இல் அண்ணாவின் ஆட்சி இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ஜனாதிபதியின் ஒப்புதலும் பெற்றுச் சட்டமாக்கிற்று. அந்தச் சட்டம் பிறந்த பிறகு நடந்த கல்யாணம் இது. சட்டம் செல்லும் என்கிறது. குமாஸ்தா செல்லாது என்கிறார். எவர் பெரியவர்?

வாரிசுச் சான்றிதழ் கதை இன்னும் வேடிக்கை. சொந்த ஊர்த் தாலுகா ஆபீசுக்கு மகனைக் கூட்டிக்கொண்டு ஒன்றரை நாள் ரயிலில் போனார் ஆச்சி. “நீங்கள் முப்பது வருஷமாக பம்பாயில் இருக்கிறீர்கள், ரேஷன் கார்டு இங்கே இல்லை, இறந்ததும் இங்கே இல்லை, நான் எப்படிக் கொடுப்பேன்?” என்றார்கள். மும்பைக்குத் திரும்பினால், “இதற்கெல்லாம் இங்கே கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்” என்றார்கள். கிராமத்தில் பழைய கர்ணத்துக்காவது குடும்பத்தைத் தெரியும், 1980இல் எம்.ஜி.ஆர். ஆட்சி பரம்பரைக் கர்ணம் வேலையை ஒழித்தது. ஒழித்தது நல்லதுதான், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதன் பிறகு வந்த கிராம நிர்வாக அலுவலர் எவருக்கும் பம்பாய் போனவனின் முகம் தெரியாது. பிழைக்கப் போனவனுக்கு இரண்டு ஊரிலும் வாசல் இல்லை. வாடகை கேட்க மட்டும் இரண்டு ஊரிலும் ஆள் உண்டு.

மூன்று வருஷம் அலைந்து, நாலு தடவை ஊருக்குப் போய் வந்து, 2013இல் வாரிசுச் சான்றிதழ் கிடைத்தது. அனுப்பினார்கள். அடுத்த முட்டுக்கட்டை பெயரில் வந்தது. நம் பெயர்களை அவர்கள் படுத்துகிற பாட்டை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். செல்லம்மாள் என்று ஒரு பெண் இருந்தால் ரேஷன் கார்டில் செல்லம்மா. வங்கிப் புத்தகத்தில் செல்ல அம்மாள் என்று இரண்டு சொல். ஆதாரில் கணவன் பெயரைக் குடும்பப் பெயராக ஒட்டி மூன்று சொல். பட்டாளத்துக் காகிதத்தில் காதால் கேட்ட வடக்கத்திக் குமாஸ்தா தனக்குத் தோன்றியபடி எழுதிய நான்காவது பெயர். தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதல் எழுத்தோடு நம் பெயர் நிமிர்ந்து நிற்கும். இதை ஒரு குறையாக நினைத்து, படிவத்தில் காலியாக இருக்கும் மூன்றாவது கட்டத்தைக் கண்டபடி நிரப்பிவிடுகிறார்கள். பிறகு அவர்களே கேட்கிறார்கள்: இந்த நாலு பேரில் நீ யார்?

“எம் பேரு ஒண்ணுதான்யா. அவுக எழுதுனதுக்கெல்லாம் நான் எப்படிப் பொறுப்பாவேன்? இனி புதுசாப் பொறந்து வந்தா நிரூபிக்க முடியும்?” என்று ஆச்சி நம் சங்க அறையில் உட்கார்ந்து கேட்டார். பதில் சொல்ல நமக்கு நா எழவில்லை. உறுதிமொழிப் பத்திரம் எழுதினோம், நோட்டரி முத்திரை குத்தினோம், அனுப்பினோம். பத்திரத்தில் இருந்த பெயரும் அவர்கள் கேட்ட பெயரும் ஓர் எழுத்தில் வேறுபட்டதாகத் திரும்பி வந்தது. இப்படியே வருஷங்கள் போயின. ஆச்சி விடியற்காலை மூன்று மணிக்கு மாவு கிளறி, ஆறு மணிக்கு மகன் சைக்கிளில் ஏற்றிவிட, இட்லி விற்றுப் பேத்தியைப் படிக்கவைத்தார். அவருக்கு மாதம் குறைந்தது மூவாயிரத்து ஐந்நூறும், பிறகு ஒன்பதாயிரமும் கொடுக்க வேண்டிய சர்க்கார், கையைக் கட்டிக்கொண்டு எழுத்துப் பிழை தேடிக்கொண்டிருந்தது.

2022இல்தான் நமக்குப் புத்தி வந்தது. அதுவரை அவர்கள் கேட்டதையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தோமே தவிர, “உங்களிடம் என்ன இருக்கிறது, காட்டுங்கள்” என்று திருப்பிக் கேட்கவில்லை. இது நம் சங்கத்தின் தவறு. பதின்மூன்று வருஷத்தில் ஐந்து வருஷத்துக்காவது நாமும் பொறுப்பு. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனுப் போட்டோம்: இந்த நம்பர் ஜவானின் சர்வீஸ் ஏடுகளில் குடும்பம் பற்றிப் பதிந்திருப்பதன் நகல் தருக. முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். நினைவூட்டலும் மேல்முறையீடும் போட்டு ஐந்து மாதத்தில் வந்தது.

வந்த நகலைப் பார்த்து நாங்கள் வாயடைத்துப் போனோம். பட்டாளத்தில் ஜவானின் கல்யாணம், பிள்ளை பிறப்பு எல்லாவற்றையும் பகுதி இரண்டு உத்தரவு என்று ஒன்றில் வெளியிட்டுச் சர்வீஸ் ஏட்டில் ஏற்றுவார்கள். 1971இல் வெளியான அந்த உத்தரவில் நாயக்கின் கல்யாணம் பதிவாகியிருக்கிறது. தேதி இருக்கிறது, ஊர் இருக்கிறது, மனைவியின் பெயர் இருக்கிறது. பிற்பாடு பிறந்த இரண்டு பிள்ளைகளின் பெயரும் இருக்கிறது. எந்த அலுவலகம் “நீ அவர் மனைவி என்பதற்கு அத்தாட்சி என்ன?” என்று பதின்மூன்று வருஷம் கேட்டதோ, அதே அலுவலகத்தின் அலமாரியில் ஐம்பது வருஷமாக அந்த அத்தாட்சி தூங்கிக்கொண்டிருந்தது! எழுந்து போய் ஒரு கதவைத் திறந்து பார்க்க அங்கே ஓர் ஆளுக்கு மனம் வரவில்லை. ஒரு கிழவி மட்டும் மும்பைக்கும் திருநெல்வேலிக்குமாக ஓட வேண்டும்!

இதை அலட்சியம் என்று சொல்லி விட்டுவிடச் சிலர் சொல்கிறார்கள். அலட்சியம் எல்லோரிடமும் ஒரே மாதிரி இருப்பதில்லை, தோழர்களே. பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்ற அதிகாரி வீட்டில் சாவு நடந்தால் காகிதம் தானாக நடக்கிறது. அங்கே கேட்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், டெலிபோன் செய்ய ஆள் இருக்கிறது. சிப்பாய், நாயக், அவில்தார் வீட்டில் சாவு நடந்தால், விதவை தன் கல்யாணத்தையே மறுபடி நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அதிலும் அவள் ஊரை விட்டுப் பிழைக்க வந்தவளாக இருந்தால், வேற்று மொழிக்காரியாக இருந்தால், கேட்கவே வேண்டாம்.

மொழியைப் பற்றிச் சொன்னால் சிலருக்கு முகம் சுளிக்கிறது. சொல்லித்தான் ஆக வேண்டும். 1976ஆம் ஆண்டு ஆட்சிமொழி விதிகள் இந்தியா முழுவதற்கும் பொருந்தும், தமிழ்நாட்டைத் தவிர. அந்த விலக்கு சும்மா வந்ததல்ல. 1965இல் தமிழ்நாட்டு மாணவர்கள் சிந்திய ரத்தத்தில் ஊன்றி நிற்பது. ஆனால் தமிழன் எல்லையைத் தாண்டி மகாராஷ்டிரத்தில் கால் வைத்ததும் அந்த விலக்கும் கழன்று விழுகிறது. இந்த மாநிலம் அவர்கள் கணக்கில் “பி” வட்டாரம். ஆகவே ஆச்சிக்கு இந்தியில் கடிதம் வந்தால் அது விதிப்படிதான் என்கிறார்கள். சரி, விதி பேசுவோம். அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு என்ன சொல்கிறது? தன் குறையைத் தீர்க்கக் கோரி எந்தக் குடிமகனும் மத்திய சர்க்காரின் எந்த அதிகாரிக்கும், ஒன்றியத்தில் வழங்கும் எந்த மொழியிலும் மனுக் கொடுக்க உரிமை உண்டு என்கிறது. தமிழ் ஒன்றியத்தில் வழங்கும் மொழிதானே? எட்டாவது அட்டவணையில் இருக்கிறதே! இதுவரை நாம் எழுதிய மனுக்களெல்லாம் தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் எழுதியவை. ஏன் எழுதினோம்? தமிழில் எழுதினால் குப்பையில் போடுவார்கள் என்று நாமே முடிவு செய்துகொண்டோம். உரிமையைப் பறிப்பவனைக் காட்டிலும், கேட்காமலே விட்டுக்கொடுப்பவன் வேலை சுலபமாக முடிந்துவிடுகிறது.

சரி, நகல் கிடைத்த பிறகு என்ன ஆயிற்று? வேறு வழியில்லாமல் 2024 மார்ச் மாதம் உத்தரவு வந்தது. ஏப்ரல் முதல் மாதாமாதம் பென்ஷன். நிலுவை மூன்று வருஷத்துக்கு மட்டும் என்று வாய்மொழியாகச் சொல்கிறார்கள். அதுவும் இன்னும் கைக்கு வரவில்லை. இங்கேதான் நம் சங்கத்துக்குள்ளேயே இரண்டு அபிப்பிராயம் எழுந்திருக்கிறது. “கிடைத்ததே பெரிது, கிழவிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, சர்க்காரோடு மோதாதே, கொடுப்பதை வாங்கிக்கொண்டு வாயை மூடு” என்று சென்ற பொதுக்குழுவில் ஒரு அன்பர் பேசினார். பலர் தலையாட்டினார்கள். அவர்களுக்கு நல்லெண்ணம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தார்களா?

நான் போட்டேன். குடும்பப் பென்ஷனின் ஆகக் குறைந்த தொகையையே எடுத்துக்கொள்வோம், அகவிலைப்படியை விட்டுவிடுவோம், வட்டியை மறந்துவிடுவோம். 2009 செப்டம்பர் முதல் 2015 டிசம்பர் வரை 76 மாதம், மாதம் 3,500 ரூபாய், ஆக 2,66,000. 2016 ஜனவரி முதல் 2024 மார்ச் வரை 99 மாதம், மாதம் 9,000, ஆக 8,91,000. கூட்டினால் 11,57,000 ரூபாய். அவர்கள் தருவதாகச் சொல்லும் மூன்று வருஷம் 3,24,000. மீதி 8,33,000 ரூபாய் போகட்டும் என்கிறார் நம் அன்பர்! பதினெட்டுக்குப் பன்னிரண்டு அறையில் ஆறு பேர் படுத்திருக்கும் குடும்பத்தைப் பார்த்து, எட்டு லட்சத்தை விட்டுவிடு என்று சொல்ல நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

மூன்று வருஷக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2008இல் தர்சேம் சிங் என்ற முன்னாள் படைவீரரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது அது. பென்ஷன் மறுப்பது மாதாமாதம் தொடரும் தவறு. ஆகவே எத்தனை வருஷம் கழித்து வந்தாலும் வழக்குப் போடலாம். ஆனால் தாமதமாக வந்தவருக்கு நிலுவை சாதாரணமாக வழக்குப் போட்ட தேதிக்கு முந்திய மூன்று வருஷத்துக்கு மட்டும் என்றார்கள். தாமதமாக வந்தவருக்கு! ஆச்சி எங்கே தாமதித்தார்? கணவன் இறந்து இரண்டு மாதத்தில் மனுப் போட்டார். ஒப்புகை அட்டை பெட்டியில் இருக்கிறது. தூங்கியது ஆச்சி அல்ல, அலமாரி. தூங்கியவனுக்குத் தண்டனை இல்லாமல், வாசலில் நின்று கதவைத் தட்டியவளுக்கு அபராதமா? இந்த வாதத்தை நீதிபதிகள் ஏற்பார்களா மாட்டார்களா என்பது வேறு; கேட்காமலே தோற்பது என்ன நியாயம்?

பென்ஷன் பிச்சை அல்ல என்று 1971இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது. 1982 டிசம்பர் 17ஆம் தேதி நகரா வழக்கில் அதையே இன்னும் அழுத்திச் சொல்லிற்று: பென்ஷன் முதலாளியின் கருணையில் தொங்குவதல்ல, செய்த வேலைக்கு ஈடாகச் சேர்ந்த உரிமை. 1985இல் பூணம்மாள் என்ற விதவையும் மற்றவர்களும் போட்ட வழக்கைப் பாருங்கள். 1964க்கு முன்பே ஓய்வுபெற்றவர்களின் விதவைகளுக்குக் குடும்பப் பென்ஷன் கிடையாது என்று கைவிரித்திருந்த சர்க்கார், அந்த வழக்கில்தான் வழிக்கு வந்து, 1977 செப்டம்பர் 22 முதல் கணக்கிட்டுக் கொடுக்க நேர்ந்தது. கிடைத்ததே பெரிது என்று அந்த அம்மாள் வீட்டில் உட்கார்ந்திருந்தால் எத்தனை ஆயிரம் விதவைகள் பட்டினி கிடந்திருப்பார்கள்?

கேட்டால்தான் கொடுப்பார்கள், இதற்குப் பழங்கதை தேட வேண்டாம். ஒரே பதவி, ஒரே பென்ஷன் என்று 2015இல் உத்தரவு போட்டு, 2014 ஜூலை முதல் உண்டு என்றார்கள். திருத்திய நிலுவையைக் கொடுக்கச் சாக்குச் சொல்லி இழுத்தடித்து, கடைசியில் 2023 மார்ச் 20ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டுதான், குடும்பப் பென்ஷன்காரர்களுக்கு ஏப்ரல் 30க்குள் ஒரே தவணையில் கொடு என்று நாள் குறிக்க வேண்டியிருந்தது.

பென்ஷன் உத்தரவு வந்துவிட்டால் கஷ்டம் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். 2021 முதல் ராணுவப் பென்ஷனையெல்லாம் கணினிக்குள் கொண்டுபோகிறார்கள். ஸ்பர்ஷ் என்று பெயர். தொடுதல் என்று அர்த்தமாம். பெயர் வைப்பதில் இவர்களுக்கு ஈடில்லை! 2022 ஏப்ரல் மாதப் பென்ஷன் ஐம்பத்தெட்டாயிரம் பேருக்கு மேல் வந்து சேரவில்லை. வருடாந்தர அடையாளச் சரிபார்ப்பு ஏறவில்லை என்றார்கள். கூச்சல் எழுந்த பிறகு மே முதல் வாரத்தில் பணத்தைப் போட்டு, 25ஆம் தேதிவரை அவகாசம் கொடுத்தார்கள். உயிரோடிருப்பதை ஆண்டுக்கு ஒரு தடவை நிரூபிக்க வேண்டும். 2024 நவம்பரில் ஆச்சி போய்க் கருவியில் விரல் வைத்தார். விழவில்லை. அடுத்த விரல், விழவில்லை. பத்து விரலும் விழவில்லை. நாற்பது வருஷம் இட்லித் துணியைப் பிழிந்து, ஆவியில் தட்டெடுத்து, சாம்பலில் பாத்திரம் தேய்த்த கையில் ரேகை எங்கே இருக்கும்? “ரேகை இல்லேன்னா நான் செத்தவளாய்யா?” என்று கேட்டார். கண்ணைக் காட்டியும் முகத்தைக் காட்டியும் பதியலாம் என்று அங்கிருந்தவர் சொல்லவில்லை. நம் சங்கத்துப் பையன் ஒருவன் தன் கைப்பேசியில் முகத்தைக் காட்டிப் பதிந்து கொடுத்தான்.

வெளியாரைச் சொன்னது போதும். நம் ஆட்களையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். “பென்ஷன் வாங்கித் தருகிறேன்” என்று நம் சால்களில் சிலர் சுற்றுகிறார்கள். தமிழர்கள்தான். நிலுவையில் ஐந்தில் ஒரு பங்கு கேட்கிறார்கள். முன்பணமாகப் பத்தாயிரம் கேட்கிறார்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பி.பி.ஓ.வையும் வாங்கி வைத்துக்கொண்டு, பணம் கொடுத்தால்தான் திருப்பித் தருவேன் என்று மிரட்டுகிறார்கள். ஆச்சியிடமும் 2016இல் ஒருவன் எட்டாயிரம் வாங்கிக்கொண்டு போனான். ஊர்க்காரன்தான், சொந்தம் வேறு. சர்க்கார் ஆச்சியின் வருஷங்களைத் தின்றது. இவன் அவர் இட்லிக் காசைத் தின்றான். இரண்டாவதைப் பேசக் கூச்சப்பட்டால் முதலாவதைப் பேச நமக்கு யோக்கியதை இல்லை. மூலக் காகிதத்தை எவரிடமும் கொடுக்காதீர்கள். எங்களிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி, பெண் என்றாலே இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. வருமானச் சான்று கேட்க இடமில்லை. ராணுவத்தார் விவகாரங்களைக் கேட்கவென்றே 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் படைத்தரப்புத் தீர்ப்பாயம் ஏற்பட்டிருக்கிறது. மும்பையிலும் சென்னையிலும் அதற்கு அமர்வுகள் உண்டு. ஆச்சி ஊருக்கு ஓட வேண்டியதில்லை. இங்கேயே மனுப் போடலாம்.

நம் இளைஞர்களுக்கும் ஒன்று. 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் நாலு வருஷம் சேவை செய்து வெளியே வரும் முக்கால்வாசிப் பேருக்குக் கையில் ஒரு தொகை உண்டு, பென்ஷன் கிடையாது. பென்ஷன் இல்லையென்றால் பிற்காலத்தில் அவன் விதவைக்குக் குடும்பப் பென்ஷனும் கிடையாது. ஆச்சியின் கோப்பு பதினைந்து வருஷம் தூங்கியது. இனி வரும் பெண்களுக்குத் தூங்குவதற்கே ஒரு கோப்பு இராது. அவர்களுக்கும் ஆகஸ்டு 15இல் சால்வை மட்டும் நிச்சயம் உண்டு.

அடுத்த சுதந்திர தினத்தில் நம் வட்டாரத்தில் எவர் வந்து வீரர் குடும்பத்துக்குச் சால்வை போர்த்தினாலும், அவரிடம் அந்தக் குடும்பத்தின் கோப்பு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. எம்.எல்.ஏ.யோ எம்.பி.யோ, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும். மூன்று மாதத்தில் என்ன செய்தார் என்று இந்தப் பக்கத்திலேயே அச்சிடுவோம். வாங்க மறுத்தால் அதையும் அச்சிடுவோம். முன்னாள் படைவீரர் குடும்பங்கள் யாருக்காவது பி.பி.ஓ.வில் மனைவி பெயர் இருக்கிறதா என்று சந்தேகம் இருந்தால், கணவர் உயிரோடிருக்கும்போதே பாருங்கள். இல்லையென்றால் இப்போதே சேர்க்க எழுதுங்கள். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குமேல் சங்க அறையில் ஆள் இருக்கும்.

ஆச்சியின் நிலுவைக்கான மனுவைச் சென்ற வாரம் எழுதினோம். இந்தத் தடவை தமிழில் எழுதினோம். 350ஆவது பிரிவைத் தலைப்பில் குறித்தோம். 2009 அக்டோபர் ஒப்புகை அட்டையின் நகலை முதல் இணைப்பாக வைத்தோம். கையெழுத்தா கைநாட்டா என்று கேட்டபோது ஆச்சி பேனாவை வாங்கி, தன் பெயரை முழுதாக, அவர் எழுதுகிற விதத்தில், ஒரே சொல்லாக எழுதினார். பதிவுத் தபாலில் போயிருக்கிறது. பதில் தமிழில் வராவிட்டால் திருப்பி அனுப்புவதா, வைத்துக்கொண்டு தீர்ப்பாயத்துக்குப் போவதா என்பதை வருகிற பொதுக்குழுவில் பேசுவோம். ஆச்சியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.